தாளம் தெரிந்த ஊரும் பேசாத பிள்ளைகளும்

கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய ஊர் புதுக்கோட்டை. எங்கள் ஊர்க்காரர்கள் இதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். என் அப்பாவுக்குக் கூடுதலாகவே நிமிரும். அவர் தவில்காரர். திருக்கோகர்ணத்தில் குடியிருந்தோம். தை பிறந்துவிட்டால் முகூர்த்தம், கோயில் புறப்பாடு, காதுகுத்து என்று வீடு தங்க மாட்டார். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து விரலுக்குக் கூடு கட்டிக்கொண்டே மான்பூண்டியா பிள்ளை கதையை ஆரம்பிப்பார்.

நான் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை. சிறப்பாசிரியராகி, வட்டார வள மையத்தில் வேலை பார்க்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு ஆட்டிசம். அப்பாவின் உலகத்தையும் என் உலகத்தையும் ஒரே கட்டுரையில் கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்தவர் உடம்பு அசைவதைப் பார்த்து அவர் மனத்தை எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்ற கேள்வி இரண்டிலும் உண்டு. எங்கள் ஊரின் லயக்காரர்கள் அதைத் தொழிலாக வைத்திருந்தார்கள். மனவியல் ஆய்வு அந்தக் கேள்விக்கு வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கஞ்சிரா பஜனைக் கோஷ்டியிலும் கிராமத்து ஆட்டங்களிலும் இருந்த வாத்தியம். வித்வான்கள் அதைப் பெரிதாக மதித்ததில்லை. மான்பூண்டியா பிள்ளை (மாமுண்டியா பிள்ளை என்றும் சொல்வார்கள்) புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்களின் அரண்மனையில் விளக்கேற்றுகிற வேலை பார்த்தவர் என்பது ஊர் வழக்கு. மாரியப்பத் தவில்காரரிடம் லயம் கற்றார். தவிலின் கணக்கையெல்லாம் அந்தச் சின்ன வளையத்துக்குள் கொண்டுவந்தார். பல ஜோடிக் காசுகள் கலகலத்துக்கொண்டிருந்த வளையத்தில் ஒரே ஜோடியை விட்டுவைத்து மற்றதை எடுத்தவரும் அவரே என்பார்கள். சத்தம் குறைந்தது, விரல் தெளிந்தது.

கஞ்சிராவைக் கையில் வாங்கிப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பலா மரத்தைக் கடைந்த வளையம். ஒரு சாண் அகலம்தான். ஒரு பக்கம் தோல், மறுபக்கம் திறந்தே இருக்கும். வாசிக்க உட்காருமுன் தோலின் உள்பக்கம் விரலால் தண்ணீர் தடவுவார்கள்; தோல் தளர்ந்து ஓசை கீழே இறங்கும். கச்சேரி நடுவில் காய்ந்துவிட்டால் மறுபடியும் தண்ணீர். முன்பெல்லாம் உடும்புத் தோல்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் உடும்பைத் தொடக்கூடாது. இப்போது ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் புழங்குகின்றன. பலாவுக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமில்லை. ஆலங்குடி, வடகாடு, மாங்காடு, கீரமங்கலம் பக்கம் போனால் வேலிக்கு வேலி பலா நிற்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்தது போக மிச்சம் நிற்பதே அவ்வளவு.

மான்பூண்டியா பிள்ளையின் சீடர்களில் பெரியவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936). மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் மன்னர். அவருடைய காலத்தில்தான் 'புதுக்கோட்டைப் பாணி' என்ற பேச்சு தஞ்சாவூர்ப் பாணிக்கு எதிரே நிமிர்ந்து நின்றது. தவிலிலிருந்து கிளைத்த பாணி இது, கணக்கு கூடுதல். மான்பூண்டியா பிள்ளையின் இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. அவருடைய மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் பிறகு வருகிறேன்.

இந்த வித்தை எப்படிக் கைமாறியது என்பதுதான் எனக்கு முக்கியம். எங்கள் மாவட்டத்திலேயே குடுமியான்மலைப் பாறையில் 7–8ஆம் நூற்றாண்டு வாக்கில் சுரங்களை எழுத்தாகப் பொறித்துவைத்தார்கள். ஏழு பிரிவுகளாக, பல்லவ கிரந்த எழுத்தில், இன்றும் நிற்கிறது அந்தக் கல்வெட்டு. விரலும் தோளும் அசைகிற விதத்தை மட்டும் யாரும் கல்லில் எழுதவில்லை. அது ஆளிடமிருந்து ஆளுக்குப் போனது.

அப்பாவிடம் பாடம் கேட்க வரும் பையன்களுக்கு முதலில் வாத்தியம் கிடைக்காது. வாய்ப்பாடம்தான். மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி. தொடையில் தட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். அது உடம்பில் ஏறியபிறகு பக்கத்தில் உட்காரவைப்பார். பையன்கள் அவருடைய விரலையே முறைத்துப் பார்ப்பார்கள். "விரல்ல என்னடா இருக்கு, தோளப் பாரு" என்பார். அடி விழுவதற்கு முன்பே தோள் சொல்லிவிடும் என்பது அவர் கட்சி. நாகசுரக்காரர் மூச்சு இழுக்கிற அழகை வைத்தே அடுத்த பிடி நீளமா, குட்டையா என்று தவில்காரருக்குத் தெரிய வேண்டும். சாமி புறப்பாட்டில் ஒத்திகை கிடையாது. நடந்துகொண்டே, வியர்த்துக்கொண்டே, நாலு பேரும் ஒரே இடத்தில் வந்து விழ வேண்டும்.

கச்சேரி கேட்கிறவர்களும் சும்மா இருப்பதில்லை. ஆதி தாளம் என்றால் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. முன்வரிசைக் கிழவர்கள் எல்லாருடைய கையும் ஒரே நேரத்தில் புரளும். ஒன்றாக அசைகிறவர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு ஒட்டுதல் கூடுகிறது என்று இந்த நூற்றாண்டில் ஆய்வுக்கூடங்களில் பரிசோதித்து எழுதியிருக்கிறார்கள். கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அது செய்தியே அல்ல.

இனி அடுத்த வரலாறு.

1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கேனர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்வதற்கு அதுவே தொடக்க ஆவணம். பேச்சு, தனிமை, மாற்றத்தைப் பொறுக்காத பிடிவாதம் என்று அவர் எழுதியவை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கட்டுரைக்குள் உடம்பைப் பற்றியும் சில வரிகள் இருக்கின்றன. தூக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் மற்ற குழந்தைகள் உடம்பை அதற்கேற்ப எழுப்பிக் கொடுக்கும்; இந்தக் குழந்தைகள் அப்படிச் செய்யவில்லை என்று தாய்மார்கள் சொன்னதை அவர் குறித்துவைத்தார். சிலருக்கு நடை தடுமாற்றமாக இருந்தது, ஆனால் விரல் வேலை நுட்பமாக இருந்தது என்றும் எழுதினார். அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் தான் பார்த்த பையன்களின் உடல் தடுமாற்றத்தைப் பற்றி எழுதினார்.

ஆக, அசைவு முதல் நாளே பதிவேட்டில் ஏறிவிட்டது. பிறகு அதைப் பல காலம் ஆய்வுலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்த இடத்தில் தாயைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தாயின் அன்பு வறண்டதால்தான் பிள்ளை உள்ளே சுருங்கிக்கொண்டது என்று சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் ஒரு புத்தகமே எழுதினார். அது நன்றாக விற்றது. அதற்கு மூன்று வருஷம் முன்பே, தானே ஓர் ஆட்டிசப் பிள்ளைக்கு அப்பாவான பெர்னார்ட் ரிம்லாண்ட், இது மூளையின் வளர்ச்சி சார்ந்தது, வளர்ப்பின் கோளாறு இல்லை என்று ஆதாரங்களோடு எழுதியிருந்தார். அறிவியல் ரிம்லாண்ட் பக்கம் சாய்ந்தது. எங்கள் தெருக்கள் இன்னும் சாயவில்லை. "செல்போனைக் குடுத்துக் கெடுத்துட்டா", "வேலைக்குப் போறேன்னு பிள்ளையக் கவனிக்கல" என்ற வசவை வாங்காத தாய் ஒருத்திகூட என் மையத்துக்கு வந்ததில்லை.

1985இல் லண்டனில் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் மூவரும் பொம்மைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டுப் போகிறது. இன்னொரு பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் ஒளித்துவிடுகிறது. முதல் பொம்மை திரும்பி வந்தால் எங்கே தேடும்? 20 ஆட்டிசப் பிள்ளைகளில் 16 பேர் உண்மையில் குண்டு இருக்கும் பெட்டியைக் காட்டினார்கள். அடுத்தவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் திறனில் இவர்களுக்குக் குறை என்ற முடிவு அங்கிருந்து வந்தது. அது பாடப்புத்தகம் ஏறி, நாங்கள் படித்த சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்பு வரை வந்துசேர்ந்தது.

1990களில் இத்தாலியின் பார்மா நகரத்தில் குரங்குகளின் மூளையில் ஒரு வகை நரம்பணுக்களைக் கண்டார்கள். தான் ஒன்றை எடுக்கும்போது துடிக்கும் அதே அணு, அடுத்தவர் எடுப்பதைப் பார்க்கும்போதும் துடிக்கிறது. கண்ணாடி நியூரான் என்று பேர் வைத்தார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்காவில் நரம்பியல் ஆய்வாளரான வி.எஸ். ராமச்சந்திரன், 2006இல் லிண்ட்சே ஓபர்மனோடு சேர்ந்து, ஆட்டிசத்தில் உடைந்திருப்பது இந்தக் கண்ணாடிதான் என்று எழுதினார். ஆனால் அடுத்தடுத்த ஆய்வுகளில் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. 'உடைந்த கண்ணாடி' இன்று பழைய பலம் இழந்துவிட்டது. அது ஒரு நல்ல காரியம் செய்தது. அடுத்தவரைப் புரிந்துகொள்வதில் நம் சொந்தக் கைகால்களுக்கும் பங்குண்டு என்ற பேச்சை ஆய்வுக்கூடத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தது.

அதன் பிறகு வந்தவைதான் எனக்குப் பிடித்தமானவை. 2013இல் லண்டனில் ஜெனிஃபர் குக்கும் அவருடைய கூட்டாளிகளும், ஆட்டிசம் உள்ள பெரியவர்களையும் இல்லாதவர்களையும் கையை நீட்டி இடமும் வலமுமாக வீசச் சொன்னார்கள். வேறு எதுவும் இல்லை, வெறும் கைவீச்சு. அதை நுட்பமாக அளந்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களின் கை வேகம் எடுப்பதிலும் வேகம் குறைவதிலும் வெட்டு கூடுதலாக இருந்தது. யாருடைய அசைவு இப்படி அதிகம் வேறுபட்டதோ, அவருக்கு மற்ற மனிதர்களின் சாதாரண அசைவு இயல்பாகத் தெரியவில்லை என்பதும் அதே ஆய்வில் வந்தது. தன் உடம்பில் இல்லாத நடையை அடுத்தவர் உடம்பில் படிப்பது கடினம்.

அப்படியானால் எதிர்ப்பக்கமும் கடினமாகத்தானே இருக்க வேண்டும்? 2016இல் ரோசானா ஈடியும் குக்கும் மற்றவர்களும் அதைச் சோதித்தார்கள். இரண்டு முக்கோணங்களைக் கொடுத்து, ஒன்று மற்றொன்றைக் கேலி செய்வது, தாஜா பண்ணுவது, திடுக்கிட வைப்பது என்று அசைத்துக் காட்டச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் அசைத்துக் காட்டியதை, ஆட்டிசம் இல்லாத பெரியவர்களால் சரியாகப் படிக்க முடியவில்லை. தங்களைப் போன்றவர்கள் அசைத்தால் படித்தார்கள். ஆட்டிசக்காரர் அசைத்தால் தவறவிட்டார்கள். 1985இல் பிள்ளைகள் மேல் சுமத்திய குறை இப்போது நம் மேலும் வந்து உட்கார்ந்தது. இந்தப் புரியாமை இரண்டு பக்கத்துக்கும் சொந்தம் என்று 2012இலேயே எழுதியவர் டேமியன் மில்டன். அவர் சமூகவியலாளர், அவருக்கே ஆட்டிசம் உண்டு.

அசைவு வேறுபாடு நாலைந்து பேரோடு நிற்கும் விஷயமும் அல்ல. அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தின் இயன்முறை ஆய்வாளர் அஞ்சனா பட், பெற்றோர் நிரப்பிய வினாத்தாள்களைக் கொண்டு 16,000க்கும் மேற்பட்ட ஆட்டிசப் பிள்ளைகளின் விவரத்தை 2020இல் வெளியிட்டார். சுமார் 87 சதவீதம் பிள்ளைகளுக்கு உடல் இயக்கத்தில் சிரமம் இருக்கும் வாய்ப்பு தெரிந்தது. பந்து பிடிப்பது, பொத்தான் போடுவது, எழுதுவது எல்லாம் இதில் அடங்கும். பள்ளிக்கூடத்தில் "கையெழுத்து கோணல், சோம்பேறி" என்று பேர் வாங்கும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் வருகிறேன் என்றேன். 1908இல் பிறந்து 1962இல் மறைந்தவர். புதுக்கோட்டைப் பாணியின் உச்சம் என்று அவரைச் சொல்கிறவர்கள் பலர். அவர் இடக்கைக்காரர். மேடையில் பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கமும் இடப்பக்கம் வயலினும் உட்காருவது வழக்கம். அப்படி உட்கார்ந்தால்தான் மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்க்கும். இடக்கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் வலந்தலை சுவரைப் பார்க்கும். அவர் இடப்பக்கம் போக வேண்டும். வயலின்காரர் தன் இடத்தை விட்டு வலப்பக்கம் வர வேண்டும். இதற்குப் பலர் சம்மதிக்கவில்லை. வாசிப்பில் குறை சொல்ல முடியாதவரை உட்காரும் இடத்தைச் சொல்லித் தள்ளிவைத்தார்கள். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து மேடைமேல் மேடை கொடுத்தார். கேட்டவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை. பிற்பாடு அவரைக் கேட்காத பெரிய சபா இல்லை.

அவர் இடக்கை கடைசி வரை இடக்கையாகவே இருந்தது. மாறியது உட்காரும் இடம் மட்டும். மில்டனும் ஈடியும் சொல்வதை எங்கள் ஊர்ப் பெற்றோருக்குச் சொல்லும்போது நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். புதுக்கோட்டைக்காரருக்கு உடனே பிடிபடுகிறது.

அதற்காக ஒரு பேச்சை இங்கேயே மறுத்துவிடுகிறேன். அந்தக் காலத்து மேதைகள், சித்தர்கள், பேசாமல் திரிந்த அவதூதர்கள் எல்லாருக்கும் ஆட்டிசம் இருந்திருக்கும் என்று இப்போது கூட்டங்களில் பேசுகிறார்கள். மண்ணில் எழுதி விஜயரகுநாதத் தொண்டைமானுக்கு உபதேசம் செய்ததாகச் சொல்லப்படும் சதாசிவ பிரம்மேந்திரரைக்கூட விடவில்லை. இறந்தவர்களுக்கு மருத்துவச் சான்றிதழ் எழுதும் வேலை நமக்கு வேண்டாம். அந்தக் காலத்தில் பேசாத பிள்ளைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்றால், பல வீடுகளில் மாடு மேய்த்து, தண்ணீர் சுமந்து, யாருக்கும் தொந்தரவில்லாமல் வாழ்ந்தார்கள். தொந்தரவு என்று ஊர் நினைத்தால் கட்டிப்போட்டார்கள். குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கவைத்தால் சித்தம் தெளியும் என்று அழைத்துப் போனவர்கள் உண்டு. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, மனநலக் காப்பகம் என்ற பெயரில் இருந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்களே, பெரும்பாலோர் ஓட முடியாமல் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தார்கள். நமக்குப் புரியாத அசைவை நிறுத்திவைக்க நாம் கண்ட வழி அதுதான்.

சட்டமும் மெதுவாகத்தான் வந்தது. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதன் பெயரைச் சொன்னது. 2016ஆம் ஆண்டு சட்டம் 21 வகைகளில் ஒன்றாக ஏற்றது. சான்றிதழுக்கு மதிப்பீடு செய்ய 2009இல் இந்தியாவிலேயே ஓர் அளவுகோல் உருவானது: 40 கேள்விகள், 70 மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2017இல் வந்தது. அதற்கு முன் மணமேல்குடிப் பக்கத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் பஸ் ஏறியவர்களின் நாட்களை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. ஆட்டிசம் பற்றித் தமிழில் படிக்க அதிகம் இல்லாதிருந்த குறையை எழுத்தாளர் யெஸ். பாலபாரதி கொஞ்சம் தீர்த்தார். அவருடைய 'துலக்கம்' நாவலைப் படித்துவிட்டு என்னிடம் பேச வந்த அப்பாக்கள் உண்டு. அம்மாக்கள் எப்போதும் வருவார்கள். அப்பாக்கள் வந்தது செய்தி.

என் மையத்தில் ஒரு பையன். பலாத் தோப்புப் பக்கத்திலிருந்து வருகிறான். பேச்சு இல்லை. ஜன்னலோரம் நின்று முன்னும் பின்னுமாக ஆடுவான். கைகளைத் தோளுக்கு மேலே உதறுவான். "டீச்சர், என்னையப் பாக்கவே மாட்டேங்கிறான்" என்று அவன் அம்மா சொல்லாத நாள் இல்லை. ஒரு நாள் அப்பாவின் பழைய கஞ்சிராவை எடுத்துப் போனேன். அவனுக்கு எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். அவன் ஆடுகிற வேகத்துக்கே தகதிமி, தகதிமி என்று மெதுவாக வாசித்தேன். அவன் வேகம் மாற்றினால் நானும் மாற்றினேன். ரொம்ப நேரத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு 'தகதி' என்று நிறுத்தி, 'மி'யை வாசிக்காமல் விட்டேன். அவன் ஆட்டம் நின்றது. மறுபடியும் தகதி. ஜன்னல் கம்பியில் ஒரு விரல் 'டங்' என்று தட்டியது. என்னைப் பார்க்கவில்லை, கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அந்த அடி நான் விட்ட இடத்தில், ஒரு மயிரிழை பிசகாமல் விழுந்தது. அவன் அம்மாவும் அன்றிலிருந்து வீட்டில் சோற்றுத் தட்டைத் தட்டி விளையாட ஆரம்பித்தாள்.

இதற்கும் ஆய்வில் ஒரு துணை இருக்கிறது. 2009இல் அமெரிக்காவில் அமி கிளின் குழுவினர் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு, ஆள் தெரியாமல் உடம்பின் மூட்டுகள் மட்டும் ஒளிப்புள்ளிகளாக அசையும் படத்தைக் காட்டினார்கள். மற்ற குழந்தைகள் மனித அசைவை நிமிர்ந்த நிலையில் காட்டும் பக்கத்தைப் பார்த்தார்கள். ஆட்டிசக் குழந்தைகளை இழுத்தது வேறு: ஓசையும் அசைவும் ஒரே கணத்தில் சேரும் இடம். கைதட்டும் விளையாட்டுப் படத்தில், கைகள் சேரும்போது சத்தம் வருகிறதல்லவா, அதில் கண் நிலைத்தது. தட்டுவதும் ஒலிப்பதும் ஒரே நொடியில் நடப்பது கஞ்சிராவின் இயல்பே. முகத்தில் கிடைக்காத வாசல் அங்கே கிடைக்கிறது என்பது என் ஊகம்.

ஊகம் என்றுதான் சொல்கிறேன். இசை வைத்தியத்தில் ஆட்டிசம் 'குணமாகும்' என்று காசு பறிக்கிறவர்கள் நம் ஊர்களுக்கும் வந்துவிட்டார்கள். 2017இல் ஒன்பது நாடுகளில் 364 பிள்ளைகளை வைத்து நடந்த பெரிய சோதனையில், ஐந்து மாத இசைச் சிகிச்சைக்குப் பிறகும் ஆட்டிசத்தின் சமூக அடையாளங்களை அளக்கும் மதிப்பெண்ணில் சொல்லத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. என் மையத்திலேயே கஞ்சிரா சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போது நான் அதைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. ஜன்னலோரப் பையனும் இன்று வரை பேசவில்லை. அவனோடு சேர்ந்து செய்ய எங்களுக்கு ஒரு காரியம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

புதுக்கோட்டை லயப் பரம்பரையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கணக்கையும் கோர்வையையும் பற்றியே எழுதுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, வருஷக்கணக்காகப் பார்த்து, அடுத்தவர் தோளைப் படிக்கக் கற்றுக்கொண்ட பழக்கத்தையும் அந்த வரலாற்றில் சேர்க்க வேண்டும். யாருக்கும் அது பிறவியில் வந்துவிடவில்லை. நாகசுரக்காரரைப் படிக்கத் தவில்காரர் பத்து வருஷம் செலவழித்தார். ஆட்டிசப் பிள்ளையைப் படிக்க நாம் பத்து நிமிஷம் கொடுத்துவிட்டு, "இவனுக்கு நம்மளப் புரியல" என்று எழுந்துவிடுகிறோம்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டியவை இவை. தூக்க வரும்போது குழந்தை கை நீட்டவில்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை, சுட்டிக் காட்டவில்லை என்றால் ஒன்றரை வயதிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள்; "ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்" என்று காத்திருக்காதீர்கள். அடையாள அட்டையை வாங்கிவிடுங்கள், அது உங்கள் உரிமை. பிள்ளை கையை உதறினால் தனக்கோ பிறருக்கோ அடிபடாதவரை உதற விடுங்கள். முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கண்ணைப் பார்க்க வைக்காதீர்கள். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். தாயைக் குறை சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள்.